பதினோரு தடவை வெளியே போனவர்

வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயங்களுக்காகவே உலகத்தில் ஆஸ்பத்திரி என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். அங்கே போனால் நாம் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிவிடுவார்கள், நாம் தலையை ஆட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. பாவம் மனுஷன், அவருக்குக் கண்ணியக் குழுவைத் தெரியாது.

கண்ணாடிக்காரர் என்றதும் மூக்குக்கண்ணாடி விற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். பேச்சு குறைவு. அதிலும் இடுப்புக்குக் கீழே உள்ள எந்த விஷயத்தையும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இருபத்தேழு வருஷ தாம்பத்தியத்தில் ஒரு நாள்கூட பிரஷ்ஷைக் கையால் தொடாத ஆள், திடீரென்று நாளுக்கு இரண்டு தடவை கக்கூஸ் கழுவ ஆரம்பித்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? மூன்றாம் நாளே அவள் கதவைத் தட்டிப் பிடித்துவிட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் பிரஷ்ஷோடு நின்றார்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் இதே மாதிரி ரத்தத்தை ஒன்றரை வருஷம் மறைத்து வைத்திருந்து, கடைசியில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது புற்று எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. நான்கு வருஷம் ஆகிறது அவர் போய். நடுவில் நம்ம கண்ணாடிக்காரர். கடைசித் தம்பி லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபத்தைந்து நாள் சாலையில். தெருமுனை டாக்டர் மூத்தவர் கதையைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தே ஆகணும். இப்ப பார்த்தா பிழைக்கலாம், தள்ளிப்போட்டா உங்க அண்ணன் போன வழிதான்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் காத்திருந்து ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணி கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது நான்கு மாதம் கழித்துத்தான் என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுத்தம் செய்கிற வேலையை வீட்டில் செய்ய விடமாட்டார்கள். வீட்டில் ஆட்கள் மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு ஒழுங்காகக் குடித்ததாகச் சத்தியம் பண்ணுகிறார்களாம். ஆகவே முந்தின நாளே உள்ளே வந்துவிட வேண்டும். கண்ணாடிக்காரர் ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி, மூன்று நாளாக விதை, தோல், நார் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளை ரொட்டியைத் தின்று, செவ்வாய்க்கிழமை காலை மனைவியோடு போய் நின்றார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார் கவுண்டர்க்காரர்.

கண்ணாடிக்காரர் குனிந்து, துவாரத்துக்குள் வாயை வைத்து, "குடல்ல..." என்றார்.

கவுண்டர்க்காரர் நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளினார். "ஐயா! போர்டைப் பாருங்க முதல்ல!"

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. நோயாளியின் மாண்பைக் குலைக்கும் சொற்கள் இவ்வளாகத்தில் பேசப்படா என்று தொடங்கி, கண்ணியக் குழுவின் சுற்றறிக்கை நாற்பத்தொன்றாம் எண் அதில் முழுசாக எழுதப்பட்டிருந்தது. குடல் என்பதற்கு உட்பாதை என்க. பேதி மருந்துக்குப் பயண நீர் என்க. குழாய்க் கேமராவுக்குப் பார்வையாளர் என்க. மலம் கழித்தல் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கலாகாது, வெளியே போதல் என்க. பலகையின் அடியில் புற்றுநோய் என்ற சொல்லுக்கு நேரே "அது" என்று மட்டும் இருந்தது.

"புரிஞ்சுதா? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குப் பார்வையாளர் உள்ள போவார். அரை மணி நேரம் இருப்பார்" என்றார் கவுண்டர்க்காரர்.

"அரை மணி நேரம் யாருக்குப் பத்தும்? நான் ராத்திரி பகலா இங்கயேதான் இருப்பேன்" என்றாள் மனைவி.

"அம்மா, பார்வையாளர் நீங்க இல்ல. அவர் ஒன்றரை மீட்டர் நீளம் இருப்பார். முனையில லைட் இருக்கும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் நிலையத்தில் இருபது வருஷமாக டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கத்துகிற ஜனங்களைத் திருப்பிக் கத்தியே பழகினவள் அவள். அவளே பலகையை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

அடுத்தது வாசல் காவலர். நல்ல மனிதர்தான், ஆனால் பதிவேடு கையில் இருந்தால் எந்த நல்ல மனிதரும் கொஞ்சம் உயரமாகிவிடுகிறார். "சார், ஆயத்தப் பிரிவுக்குள்ள போனா வேலை முடியற வரைக்கும் வெளியே போகக்கூடாது. போன மாசம் ஒருத்தர் நைசா வெளியே போய் எதிர்க் கடையில பரோட்டா... சரி விடுங்க. இதுல கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். "நான் எக்காரணம் கொண்டும் வெளியே போக மாட்டேன்" என்று உறுதிமொழி. கண்ணாடிக்காரர் படித்துப் பார்த்து, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். கொடுத்த வாக்கை அவர் மீறியதே கிடையாது.

இரும்புக் கதவு சாத்தப்பட்டது. மனைவிக்கு வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சு. மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை கம்பிக் கதவு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் முழுவதும் வடிகட்டிய சூப்பும் பால் விடாத தேநீரும் ஆப்பிள் சாறும். சிவப்பு, ஊதா நிறத்தில் எதையும் குடிக்கக்கூடாது என்றார் நர்ஸ். "ஏன்னா நாளைக்கு உள்ள பார்க்கும்போது அதை ரத்த..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "சிவப்பா தெரிஞ்சா குழப்பம் ஆயிடும் ஐயா" என்று முடித்தார். சம்பளத்தில் பிடித்து விடுவார்கள் போலிருக்கிறது, பாவம்.

மூன்று மணிக்குப் பயண நீர் வந்தது. இரண்டு லிட்டர் ஜாடி. கால் மணிக்கு ஒரு டம்ளர். எலுமிச்சை வாசனை போட்ட கடல்தண்ணீர் அது, வேறென்ன சொல்ல. குளிரக் குளிரக் குடித்தால் கொஞ்சம் இறங்கும், உறிஞ்சுகுழாயை நாக்குக்குப் பின்னால் வைத்துக் குடித்தால் ருசி தெரியாது என்று நர்ஸ் அன்பாகத்தான் சொல்லிக்கொடுத்தார். நான்கு டம்ளர் வரை ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்தாவது டம்ளரில் வயிற்றுக்குள் யாரோ மேஜை நாற்காலியை இழுத்து நகர்த்துகிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் எழுந்தார். நடைக்கோடியில் இருந்த கதவை அடைய ஒன்பது எட்டு வைக்க வேண்டும். அவர் நான்கில் போய்ச் சேர்ந்தார்.

ஆறு மணிக்குள் அந்தக் கதவுக்கு எட்டுத் தடவை போய் வந்துவிட்டார். கால் தள்ளாடியது. நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார்.

"ஐயா, வெளியே போனீங்களா?"

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. வெளியே போவது என்றால் வேறொரு அர்த்தமும் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல, அவர் அம்மாவே அப்படித்தான் சொல்வாள். ஆனால் ஒரு பெண்பிள்ளை, அதுவும் மகள் வயசு, முகத்துக்கு நேரே நின்று அதையா கேட்கும்? காலையில் கையெழுத்துப் போட்ட தாள்தான் கண் முன்னால் வந்தது.

"சத்தியமா இல்ல சிஸ்டர். இங்கயேதான் இருக்கேன்."

"ஒரு தடவைகூடவா போகல?"

"வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

நர்ஸ் கவலையோடு அட்டையில் ஒரு பூஜ்யம் போட்டார். "அப்போ இன்னொரு லிட்டர் தரச் சொல்லியிருக்கு ஐயா."

இன்னொரு லிட்டர் வந்தது. அதுவும் உள்ளே போனது, போன வேகத்தில் வந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியே காலி. ஏழு மணிக்கு மறுபடி கேள்வி, மறுபடி சத்தியம், மறுபடி பூஜ்யம். நர்ஸ் மூன்றாவது ஜாடியைக் கரைக்கப் போன நேரத்தில்தான் மனைவி கம்பிக் கதவுக்கு வந்தாள். புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. காலையில் வந்தபோது முகத்துக்குச் சரியாக இருந்த மீசை இப்போது பெரிசாகத் தெரிந்தது.

"என்னங்க, என்ன பண்ணினாங்க உங்களை?"

"என்னன்னே தெரியலம்மா. நான் வெளியே போகலன்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க. தண்டனை மாதிரி குடிக்க வெச்சுக்கிட்டே இருக்காங்க."

 மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ என் புத்திசாலியே! அவங்க கேட்டது அதைங்க!"

"எதை?"

"அதைத்தான்! எத்தனை தடவை போனீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கினார். பதினொன்று வந்தது.

நர்ஸை அழைத்து விஷயம் சொல்லப்பட்டது. அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, மூன்றாவது ஜாடியைத் திரும்ப எடுத்துப்போய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டார். பூஜ்யங்களை அடித்து, கம்ப்யூட்டரில் ஒரே வரியாகத் திருத்தி எழுதினார். "நோயாளி பதினோரு தடவை வெளியே போனார்." அவர் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதும் அந்த வரியிலிருந்துதான்.

விடியற்காலை எல்லோரும் குடித்தாக வேண்டிய கடைசி லிட்டரையும் குடித்து முடித்தார். ஏழு மணிக்கு நர்ஸ் ஒரு வண்ண அட்டையைக் கொண்டுவந்தார். நோயாளியின் மாண்பு கருதி ஊழியர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதாம், நோயாளியே நிறத்தைச் சொல்ல வேண்டுமாம். நிறங்களுக்கும் கண்ணியக் குழு பெயர் சூட்டியிருந்தது. மண்வாசனை, தேன், இளவெயில், கண்ணாடி.

"கண்ணாடி ஆயிடுச்சா ஐயா? ஆயிருந்தாத்தான் உள்ள அனுப்புவாங்க."

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பான். முப்பது வருஷம் கண்ணாடி வெட்டின மனிதர் எப்படிப் பொய் சொல்வார்? "கண்ணாடின்னு சொல்ல முடியாதுங்க. சாதா நாலு மில்லி கண்ணாடின்னா விளிம்புல லேசா ஒரு பச்சை ஓடும். இதுல பச்சை இல்லையே."

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். தண்ணி மாதிரி இருக்கா, இல்லையா?"

"தண்ணி மாதிரித்தான் இருக்கு."

"அப்போ கண்ணாடி" என்று எழுதிவிட்டு அந்தப் பெண் ஓடியே போனார்.

எட்டு மணி. கண்ணாடிக்காரர் நடைக்கோடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவருடைய கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். "இது காலிக் கட்டில்" என்றாள் விரிப்பு மாற்றுகிற பெண்மணி.

"நான் இருக்கேனே."

"நீங்க போயிட்டீங்க ஐயா. லிஸ்ட்ல இருக்கு."

வாசல் காவலர் வந்து சேர்ந்தார். நர்ஸுடைய அட்டைக்கும் வாசல் பதிவேட்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், ஒரே சொல்லுக்கு எதற்கு இரண்டு பதிவேடு என்று ஆஸ்பத்திரி இரண்டையும் போன வருஷமே இணைத்துவிட்டது. அதற்காக ஒரு கேடயம்கூட வாங்கியிருக்கிறார்கள். காவலர் கணக்கை விளக்கினார்.

"பாருங்க சார். நீங்க உள்ள வந்தது ஒரு தடவை. வெளியே போனது பதினோரு தடவை. அப்போ நீங்க இப்ப மைனஸ் பத்து. இன்னும் பத்து தடவை உள்ள வந்தாத்தான் ஒழுங்கா வெளியே இருக்கிற ஆளுன்னு ஆவீங்க. அதுக்கு மேல ஒரு தடவை வந்தாத்தான் உள்ள இருக்கிற ஆள்."

"சரிப்பா, அப்போ வாசலுக்கு அந்தப்பக்கம் போய்ட்டுப் போய்ட்டு வர்றேன்."

"அது எப்படி சார்? வாசலைத் தாண்டினா பன்னிரண்டு ஆயிடுமே. அதுவும் இல்லாம, வெளியே போகமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரே சாயங்காலத்துல பதினோரு தடவை போயிருக்கீங்க. என் வேலைக்கு உலை வெச்சிட்டீங்களே."

ஒன்பது மணிப் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் "சொல்லாமல் போனவர்" என்று எழுதியிருந்தது. ஒன்பதரைக்கு மேல் கேமரா விடுகிற டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். பிறகு நான்கு மாதம். உள்ளே இருக்க உரிமை இல்லை, வெளியே போகவும் வழியில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்புக்காவது வயிற்றுப்போக்கு கிடையாது. கண்ணாடிக்காரருக்கு அண்ணனின் கடைசி மாதம் ஞாபகம் வந்தது. நான்கு மாதம் என்பது அவருக்கு ஒரு தேதியாகத் தெரியவில்லை, ஒரு தீர்ப்பாகத் தெரிந்தது. 

பெயரைத் திரும்பச் சேர்க்கும் அதிகாரம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு என்றார்கள். கண்ணியக் குழுத் தலைவர். மனைவியையும் அழைத்துக்கொண்டு, காவலர் அவர்களை வாசலைத் தாண்டாத உள்படி வழியாக மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனார். பெரிய அறை, கால் புதைகிற விரிப்பு, ஓர் ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு எழுத்தர். தலைவர் தும்பைப்பூ மாதிரி வெளுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் மருந்து வாசனையே இல்லை.

"உட்காருங்க" என்றார் தலைவர். கண்ணாடிக்காரர் நின்றுகொண்டார். உட்கார அவருக்குத் தைரியம் இல்லை.

"இந்த ஆஸ்பத்திரில இருபத்தாறு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்ல. அவங்க மாண்பைக் காப்பாத்த அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியல. நீங்கதான் முதல் ஆள். அதுவே எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு" என்று தலைவர் தொடங்கினார். "போன வருஷம் மட்டும் நானூறு சொற்களை எடுத்தோம். அதனால என்னாச்சு தெரியுமா? புகார் பாதியாக் குறைஞ்சுது. என்ன தொந்தரவுன்னு சொல்றதுக்கு வார்த்தை இல்லேன்னா ஜனங்க எவ்வளவு அமைதியா இருக்காங்க தெரியுமா!"

"நோய் குறைஞ்சுதா?" என்றாள் மனைவி.

"அந்தச் சொல்லை ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துட்டோம்மா."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடித்தது. தலைவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "விசாரணைக்கு வருவோம். பதினோரு தடவை வெளியே போயிருக்கீங்க. எங்க போனீங்க?"

"வெளியேதாங்க."

"எந்த வெளியே?"

"உள்ளே இருக்கிற வெளியே."

எழுத்தர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். தலைவர் புருவத்தைத் தூக்கினார். "உள்ளே வெளியே இருக்க முடியாதே. அனுமதிக்கப்பட்ட சொற்களுக்குள்ள நின்னு, தெளிவா விளக்குங்க. நான் அவசரப்படல."

கண்ணாடிக்காரர் விளக்க முயன்றார். நடைக்கோடியில் ஒரு கதவு என்றார். கதவுக்குப் பின்னால் என்ன என்று தலைவர் கேட்டார். ஒரு இருக்கை என்றார். இருக்கை எதற்கு என்று கேட்டார். அங்கே வழி முட்டிக்கொண்டது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒன்பது பத்து. ஒன்பதே கால். நின்ற நிலையிலேயே வயிற்றுக்குள் மறுபடி நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. அவர் முகம் வியர்த்தது.

"ஐயா, நான் இப்போ... போகணும்."

"எங்க?"

"வெளியே."

"முடியாது. பன்னிரண்டு ஆயிடும்" என்றார் தலைவர். காவலரும் ஆமாம் என்று தலையாட்டினார். "பொறுமையா இருங்க. ஆத்திரத்தை அடக்கலாம்னு பழமொழியே இருக்கு."

அந்தப் பழமொழியின் அடுத்த பாதி என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலோடு கால் பின்னி நிற்பதை மனைவி பார்த்தாள். மூத்தவர் பிணத்தைப் பார்த்த கண் அது. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"பேண்டாருய்யா!" என்றாள்.

எழுத்தரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"என் புருஷன் பேண்டாரு! பதினோரு தடவை பேண்டாரு! நீங்க குடுத்த பேதி மருந்தைக் குடிச்சு, உங்க கக்கூஸ்ல, உங்க கட்டடத்துக்குள்ளயே பேண்டாரு! இப்பவும் அதுக்குத்தான் போகணுங்கிறாரு! இவங்க அண்ணன் குடல்ல புத்துநோய் வந்து செத்தாரு. வெட்கப்பட்டே செத்தாரு. இவருக்கும் ரத்தம் போகுது. பார்க்கறதுக்குத்தானே வந்தோம்? பார்க்க முடியுமா முடியாதா, அதைச் சொல்லு!"

இருபது வருஷ டிக்கெட் கவுண்டர்க் குரல். மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடி வரை கேட்டிருக்கும். தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இத்தனை வருஷமும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட சொற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால் யார்தான் தாங்குவார்கள்?

"பதிவு செய்யாதே! எதையும் பதிவு செய்யாதே!" என்று எழுத்தரிடம் அலறினார். பிறகு காவலரைப் பார்த்து, "இவங்களை உடனே, இந்த நிமிஷமே, வெளி..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

காவலர் பேனாவோடு தயாராக நின்றார். "வெளியே அனுப்பட்டுமா ஐயா? பன்னிரண்டுன்னு எழுதிக்கறேன்."

தலைவர் தத்தளித்தார். மைனஸ் பத்தாக இருக்கும் ஆளைத் தாமே மைனஸ் பதினொன்று ஆக்கியதாகப் பதிவாகிவிடும். அவர் வாயை மூடித் திறந்தார். "உள்ளே! உள்ளே அனுப்பு! எங்கயாவது உள்ளே!"

"எழுத்துல குடுத்துடுங்க ஐயா" என்றார் காவலர். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். தலைவர் ஒரு சீட்டில் "உள்ளே அனுப்புக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் முதலில் ஓடியது நடைக்கோடிக் கதவுக்கு. அவசரத்துக்குப் பாவமில்லை. யாரும் எண்ணவில்லை.

ஒன்பது இருபத்தெட்டுக்குக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கை நரம்பில் ஊசி. "கொஞ்சம் காத்து அடிப்போம், வயிறு உப்பின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றது ஒரு குரல். இரண்டு நாளாக இதை நினைத்துத்தான் அவர் பயந்து செத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு நடந்ததிலேயே சுகமான அரைமணி நேரம் அதுதான். பாதி தூக்கம், பாதி விழிப்பு, ஒரு திரையில் ஈரமான இளஞ்சிவப்புக் குகை ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

முழுசாக விழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். கையில் அறிக்கை. இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். "உட்பாதையின் இடப்புற வளைவில் நெடுநாள் தங்கியிருந்தவர் ஒருவர் காணப்பட்டார். அவர் கழுத்தோடு வெளியேற்றப்பட்டார். அது குறித்துப் பின்னர்."

"அதுன்னா அதுவா?" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்தது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். "எல்லாம் நல்லபடியா ஆச்சு. தங்கியிருந்தவரை எடுத்தாச்சு. அதைப் பத்தி இப்போதைக்கு..."

கண்ணாடிக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனால் மனைவி மூன்றாம் மாடியில் கத்தியது காதிலேயே இருந்தது. "டாக்டர், எனக்குப் புத்துநோயா? இருக்கா, இல்லையா? சொல்லுங்க."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பார்த்த வரைக்கும் இல்ல. குடல்ல ஒரு பாலிப் இருந்துது, சதை முளை மாதிரி, சுண்டுவிரல் நுனி அளவு. ரத்தம் வந்தது அதுலேர்ந்துதான். காம்போட முழுசா எடுத்துட்டேன். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன், ஒரு வாரத்துல உறுதியாத் தெரியும். இன்னும் சில வருஷம் விட்டிருந்தா அது புத்துநோயா மாறியிருக்கும். உங்க அண்ணனுக்கும் அநேகமா இப்படி ஒண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கும்."

"அப்பவே பார்த்திருந்தா..."

"எடுத்துப் போட்டிருக்கலாம்."

கண்ணாடிக்காரர் அழுதார். பிழைத்ததற்கா, அண்ணனுக்கா என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கூடப்பிறந்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு தம்பி. லாரி ஓட்டறான்."

"அவரையும் பார்க்கச் சொல்லுங்க. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளவே கூடாது."

மதியம் மனைவியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலர் வருத்தத்தோடு எழுந்து நின்றார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பதிவேட்டுப்படி நீங்க வெளியே இருக்கீங்க. வெளியே இருக்கிறவரை நான் எப்படி வெளியே விடறது? குழு கூடித்தான் தீர்க்கணும். தலைவர் லீவு போட்டுட்டுப் போயிட்டார். நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம்."

மனைவி சண்டைக்குக் கிளம்பினாள். கண்ணாடிக்காரர் அவளைக் கையமர்த்திவிட்டு, அங்கிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தார். கூடம் முழுக்க ஜனம். லாரிச் சத்தத்துக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது. "சொல்லுண்ணே, எப்படியிருக்கே?"

"எனக்கு ஒண்ணுமில்லடா. நீ..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? "நீ ஒழுங்கா வெளியே போறியா?"

"என்னண்ணே கேள்வி இது? மாசம் பூரா வெளியேதானே இருக்கேன். இப்பகூட ரெண்டு லோடு."

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"டேய், நீ பேளும்போது ரத்தம் வருதாடா?"

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. கவுண்டர்க்காரர் துவாரத்தில் தலையை நீட்டினார். அந்தப்பக்கம் லாரி ஓரங்கட்டப்படுகிற சத்தம் கேட்டது, எஞ்சின் அணைந்தது.  லைன் போய்விட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றான் தம்பி. "ஆறு மாசமா வருது. யார்கிட்டண்ணே போய்ச் சொல்றது?"

"என்கிட்டச் சொல்லிட்டேயில்ல? போதும். லோடை வேற யார் தலையிலயாவது கட்டிட்டு நேரா இங்க வா. மெதுவாவே வா, அவசரமில்ல. நீ வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன். என்னை இவங்க வெளியே விடமாட்டாங்க."